டிப்போ தம்பிஐயா வாங்கிய கமரா

உரும்பிராயில் வந்து தம்பிஐயா என்று விசாரித்தால் ஒருவருக்கும் விளங்காது. டிப்போ தம்பிஐயா என்று கேட்கவேண்டும். கேட்டால், "ஆர், உந்தக் கடவுள் இல்லை எண்டு திரியிற மனிசனோ?" என்று சொல்லிக்கொண்டே ஒழுங்கையைக் காட்டிவிடுவார்கள்.

பஸ் டிப்போவில் நேரக்கணிப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவர் அவர். வேலை செய்த காலம் முழுக்கத் தொழிற்சங்கம், சிவப்புச் சேட்டு, மே தின ஊர்வலம். திருவிழாவுக்குக் காசு சேர்க்க வருகிறவர்களைக் கதிரை போட்டு இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, உலகம் எப்படி உண்டானது என்பதை ஆதியிலிருந்து விளங்கப்படுத்துவார். காசு மட்டும் கொடுக்கமாட்டார். நாளடைவில் கோயில்காரர் அந்தக் கேற்றைத் தட்டுவதையே விட்டுவிட்டார்கள்.

மனைவி மகாதேவி இதற்கு நேர் எதிர். வெள்ளிக்கிழமை என்றால் முழுகி, மீன் மச்சம் விலக்கி, ஒழுங்கை முகப்பில் இருக்கும் பிள்ளையாரைக் கும்பிட்டு வராமல் பச்சைத்தண்ணியும் வாயில் வைக்கமாட்டார். அவர் படலையைத் தாண்டும்போது தம்பிஐயா விறாந்தையிலிருந்து குரல் கொடுப்பார்: "பிள்ளையாரை நானும் கேட்டதாச் சொல்லு. டிப்போவிலை லீவு தரேல்லையாம், அதுதான் வரேல்லை எண்டு சொல்லு." ஓய்வுபெற்ற பிறகும் அந்தப் பகிடி ஓய்வுபெறவில்லை. படலை போய் இரும்புக் கேற் வந்த பிறகும் வெள்ளிக்கு வெள்ளி அதே பகிடிதான்.

அப்படிப்பட்ட மனிதர்தான், தன்னைத் தானே பிடிப்பதற்கு ஒரு கமரா வாங்கப் போனார்.

ஒரே மகள் கீர்த்திகா நோர்வேயில் இருக்கிறாள். இரண்டு தரம் வயிற்றில் வந்தது தங்கவில்லை. மூன்றாம் தரம் உண்டாகியிருந்தபோது ஒருநாள் போனில் வந்தாள். டொக்டர் எழும்பி நடக்கவே கூடாது என்று சொல்லிப் படுக்கவைத்திருக்கிறாராம். மகாதேவி போனைப் பிடித்தபடியே அழுதுகொண்டு சாமியறைக்குள் ஓடினார். தம்பிஐயாவுக்கு ஓடுவதற்கு ஓர் அறை இல்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு ஒழுங்கையால் போனார். பிள்ளையார் கோயிலடியில் கால் தானாகவே நிலத்தில் ஊன்றியது. வாயிலிருந்து எப்படி வந்ததென்று அவருக்கே தெரியாது.

"இந்த முறை தக்கவைச்சுத் தா. பிள்ளை பிறக்குமட்டும் வெள்ளிக்கு வெள்ளி என்ரை வளவுத் தேங்காய் ஒண்டு உனக்கு."

சொல்லி முடித்தவர், களவெடுத்தவன் மாதிரி முன்னும் பின்னும் பார்த்தார். ஒழுங்கையில் ஒரு ஆட்டுக்குட்டி மட்டும் நின்றது.

அதன்பிறகு ஒவ்வொரு வெள்ளியும் ஊர் எழும்ப முதல் தம்பிஐயா எழும்பிவிடுவார். டிப்போ வேலையில் வந்த பழக்கத்தால் அவர் எப்போதும் விடிய முதல் எழும்புகிறவர், படுப்பதும் விறாந்தையில். அதனால் மகாதேவிக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. கேற்றிலிருந்து போட்டிக்கோ வரை மகள் காசில் கல் பதித்த பாதை. பாதையோரம் இரண்டு தென்னைகள். விழுகிற தேங்காய்களை மகாதேவி போட்டிக்கோத் தூணடியில் குவித்து வைப்பார். தம்பிஐயா அதில் ஒன்றை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போவார். கோயில் மடைப்பள்ளிக்குப் பின்னால் தேங்காய் உரிப்பதற்கென்று ஒரு அலவாங்கை நட்டு வைத்திருக்கிறார்கள். அதில் உரித்து, பிள்ளையாருக்கு முன்னால் இருக்கும் கல்லில் அடித்துச் சிதறவிட்டு, கும்பிடாமல் வந்துவிடுவார். கும்பிட்டால்தான் கொள்கை கெடும் என்று தனக்குத் தானே ஒரு சமாதானம். ஐயர் வரும்போது அவர் வீட்டில் ரேடியோக் கேட்டுக்கொண்டு இருப்பார்.

மகாதேவி தேங்காய்களை எண்ணி வைக்கிறவர் இல்லை. ஆனால் குவியல் குறைந்தால் அவருக்குத் தெரியும். தேங்காய் விற்கிற விலைக்குத் தெரியாமலும் இருக்காது.

"இஞ்சாருங்கோ, வெள்ளியெண்டால் ஒரு தேங்காய் குறையுது. ஆரோ கேற்றாலை வந்து எடுக்கிறாங்கள்."

"எலி கொண்டுபோயிருக்கும்."

"உரிக்காத தேங்காயை எலி தூக்கிக்கொண்டு போகுதோ? நீங்கள் படிச்ச புத்தகத்திலை அப்பிடியோ கிடக்கு?"

அந்த வாரமே கதை நோர்வேக்குப் போய்விட்டது. படுக்கையில் கிடக்கும் பிள்ளைக்கு யோசிக்க நேரம் நிறைய. இன்று தேங்காய் எடுக்கிறவன் நாளைக்கு யன்னலை உடைப்பான் என்று அவள் பயந்தாள். வயதான இரண்டு பேர் தனிய இருக்கிற வீடு.

"அப்பா, நீங்களே போய்ப் பாத்து ஒரு கமரா வாங்கிப் பூட்டுங்கோ. எனக்கும் போனிலை தெரியிற மாதிரி. இல்லாட்டி எனக்கு நித்திரை வராது."

பிள்ளைக்கு நித்திரை வராது என்ற சொல்லுக்காகச் சைக்கிளை எடுத்தார்.

பக்கத்து ஊர்த் திருநெல்வேலிச் சந்தியில் கமராக் கடை வைத்திருப்பவன் சுபாஸ். வாய் ஓயாத வியாபாரி. தம்பிஐயாவை ஸ்டூலில் இருத்தி, மேசையில் கமராக்களைப் பரப்பினான்.

"ஐயாவுக்கு எங்கை பூட்ட?"

"கேற்றடியிலையிருந்து போட்டிக்கோ மட்டும் தெரிஞ்சால் காணும். இரவிலை."

"இரவுக்கெண்டால் ரண்டு சாதி இருக்கு, ஐயா. இது இன்ஃப்ரா றெட். கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் அடிக்கும். படம் கறுப்பு வெள்ளை. கள்ளனுக்குக் கமரா பாக்குதெண்டே விளங்காது. உங்கடை கையடியிலை கிடக்கிற உது, ஆள் உள்ளை வந்தவுடனை தானே லைற்றைப் போடும். படம் பட்டப்பகல் மாதிரிக் கலரிலை விழும். சேட்டு என்ன நிறம், முகத்திலை மச்சம் எங்கை எண்டெல்லாம் சொல்லலாம்."

தம்பிஐயாவுக்கு மூக்கோரத்தில் ஒரு மச்சம் உண்டு. கை தன்பாட்டில் அங்கே போய் அதை மறைத்தது.

"கறுப்பு வெள்ளை போதும், தம்பி. லைற் போட்டால் பூச்சி வரும்."

"சரி. அடுத்தது லென்ஸ். ஒண்டு அகலமாப் பாக்கும். வளவு முழுக்கத் தெரியும், ஆனால் கேற்றிலை நிக்கிற ஆள் விரலளவுதான். மற்றது ஒடுக்கம். ஆளின்ரை முகத்தை வடிவா இழுத்துத் தரும். உங்களுக்கு ஒடுக்கம்தான் சரி."

"அகலம் தாரும்."

"முகம் தெரியாது, ஐயா."

"இஞ்சை பாரும், தம்பி." தம்பிஐயா தொழிற்சங்கக் கூட்டத்தில் பேசுகிற குரலை எடுத்தார். "ஒருத்தனுக்குத் தெரியாமல் அவன்ரை முகத்தைப் படம் பிடிச்சு வைக்கிறது ஞாயமோ? தனிமனித உரிமை எண்டு ஒண்டு இருக்கெல்லே?"

சுபாஸ் கையிலிருந்த கமராவை மேசையில் வைத்துவிட்டுச் சிரித்தான். "கடை திறந்த நாளிலையிருந்து கள்ளன்ரை உரிமைக்குக் கதைச்ச முதல் ஆள் நீங்கள்தான். சரி, கேற்றுத் தூணிலை ஆளுயரத்துக்குப் பூட்டுவம். அப்பவெண்டாலும் கொஞ்சம் முகம் விழும்."

"போட்டிக்கோத் தட்டுக்குக் கீழை, உயரத்திலை."

"உயரத்திலை பூட்டினால் உச்சந்தலைதான் தெரியும். அதோடை பக்கத்திலை வெள்ளை மதில் ஏதும் இருந்தால் இன்ஃப்ரா றெட் அதிலை பட்டு முகம் வெளிறிப்போயிடும்."

"வெள்ளை மதில் இருக்கு," என்றார் தம்பிஐயா. அந்தக் கடையில் அவர் சந்தோசமாகச் சொன்ன ஒரே வசனம் அது.

சுபாஸ் வந்து பூட்டினான். பூட்டி முடிந்ததும் மகாதேவி ஏணியில் ஏறிக் கமராவின் நெற்றியில் சந்தனப் பொட்டு வைத்தார். "லென்சிலை பட்டிடும், அம்மா," என்று சுபாஸ் கத்தினான். பட்டால் நல்லது என்று கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்ற தம்பிஐயா நினைத்தார். படவில்லை.

தேங்காயைப் பகலிலேயே எடுத்து மதிலுக்கு வெளியே ஒளித்து வைத்திருக்கலாம் என்பது தம்பிஐயாவுக்குப் பிறகுதான் பட்டது. வாழ்நாள் முழுக்க நினைத்ததை உரத்துச் சொல்லிப் பழகியவர். ஒளிக்கிற வித்தை கைவரவில்லை. அவர் போட்ட கணக்கு விஞ்ஞானக் கணக்கு. கறுப்பு வெளிச்சத்தை விழுங்கும். ஆகவே கறுப்பு உடுத்தால் கமராவில் வெறும் நிழல்தான் விழும். அலுமாரியில் ஒருநாளும் கட்டாத கறுப்புச் சாரம் ஒன்று இருந்தது. கீர்த்திகா முன்னொருக்கால் அனுப்பிய கறுப்புச் சால்வையும் இருந்தது. வெள்ளிக்கிழமை சாரத்தைக் கணுக்கால் வரை இறக்கிக் கட்டி, சால்வையால் தலையை மூடி, உடம்பைக் கூனிக்கொண்டு போனார். தேங்காய் உடைந்தது. வந்து சாரத்தை மாற்றிக்கொண்டு ரேடியோவைப் போட்டார்.

குசினிக்குள்ளிருந்து மகாதேவி போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். தேங்காயோடு வெளியே போகிற துண்டை மட்டும் நோர்வேயிலிருந்து மகள் வெட்டி அனுப்பியிருந்தாள். எந்தப் பக்கத்தால் உள்ளே வந்ததென்று ஒருவரும் யோசிக்கவில்லை.

"கள்ளன் விழுந்திட்டான்! பாருங்கோ... கள்ளன் இல்லை, கள்ளி!"

தம்பிஐயா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். கேற்றுப் பக்கமாக முகம் திருப்பி, தலையிலிருந்து கால்வரை வெள்ளை வெளேரென்ற துணியில் ஓர் உருவம் கூனிக் கூனி நடந்தது. ஒருகணம் அவருக்கே தன்னைத் தெரியவில்லை. மெய்யாகவே வேறு யாரோ வந்து போயிருக்கிறார்கள் என்று சந்தோசப் புளுகம் கூட வந்தது. பிறகு அந்த உருவம் கக்கத்துத் தேங்காயைச் சரிசெய்துகொள்ள நின்ற விதத்தைக் கண்டார்.

சுபாசுக்குப் போன் எடுத்து, கேட்காத மாதிரிக் கேட்டார். "தம்பி, கறுப்பு உடுப்பு உந்தக் கமராவிலை என்ன நிறம்?"

"சில கறுப்புத் துணி வெள்ளையாத்தான் தெரியும், ஐயா. சாயத்தைப் பொறுத்தது. கலர் கமராவெண்டால் அந்தக் கரைச்சல் இல்லை. நீங்கள்தான் உரிமை கதைச்சனீங்கள்."

அதற்குள் முன்வீட்டு றொசாந்தி வந்துவிட்டாள். ஒழுங்கைக்கென்று இருக்கும் வைபர் குழுவை நடத்துகிறவள் அவள்தான். போனை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தாள்.

"மகாக்கா, வெள்ளைச் சீலை."

"ஓம்."

"எங்கடை ஒழுங்கையிலை வெள்ளைச் சீலை கட்டுறது ஆர்?"

மகாதேவி ஒழுங்கையின் அடிப்பக்கம் பார்த்தார். புருசன் செத்த நாளிலிருந்து வெள்ளை தவிர வேறு உடுத்தாத ஒரே ஆள் பத்மாவதி. ஒழுங்கையின் அடியில் தனியாக இருப்பவர். விடிய முதல் எழும்பி இடியப்பம் அவித்து, கூடையில் வைத்து வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்துச் சீவிப்பவர். குளிருக்குச் சீலைத் தலைப்பால் தலையை மூடிக்கொண்டு, கொஞ்சம் கூனித்தான் நடப்பார்.

"ஆரெண்டு வடிவாத் தெரியாமல் கதையாதையுங்கோ," என்றார் தம்பிஐயா.

"உங்களுக்கு எல்லாரும் ஏழைத் தொழிலாளிதான்," என்றார் மகாதேவி. "நீங்கள் ரேடியோவைக் கேளுங்கோ."

அவர் ரேடியோவைக் கேட்டார். அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். இரண்டு வசனம் போதும். 'அது நான். பிள்ளையாருக்கு நேர்த்தி.' முதல் வசனம் நாக்கு நுனிவரை வந்தது. இரண்டாவது வசனத்தை நினைத்ததும் முதலாவதும் திரும்பிப் போய்விட்டது. வெள்ளிக்கு வெள்ளி தான் சொன்ன பகிடியெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து மகாதேவியின் வாயால் திரும்பி வருவது கேட்டது. டிப்போக்காரர் கேட்டால் என்ன சொல்வார்கள் என்று நினைத்தார். டிப்போக்காரர் பாதிப்பேர் செத்துப்போய்விட்டார்கள் என்பது அப்போது நினைவில் இல்லை.

றொசாந்தி பெயர் போடாமல்தான் குழுவில் போட்டாள். 'அவதானம். அதிகாலையில் வெள்ளைச் சீலை உடுத்த ஒருவர் வளவுகளுக்குள் வந்து பொருட்களை எடுக்கிறார்.' கீழே ஒவ்வொருவராக வந்து விழுந்தார்கள். சோக முகம் போட்டுச் சிலர், சிரிப்பு முகம் போட்டுச் சிலர். 'இடியப்பத்தோடை குடுக்கிற சொதிக்குத் தேங்காய் எங்காலையெண்டு இப்பத்தானே விளங்குது,' என்று ஒருவர் எழுதியதற்குத்தான் எல்லாரும் கூடச் சிரித்திருந்தார்கள்.

அடுத்தநாள் காலை பத்மாவதி வழமைபோலக் கேற்றைத் தட்டினார். அவரிடம் பட்டன் அமத்துகிற சின்னப் போன்தான். வைபர் இல்லை.

"இண்டைக்குப் புட்டு அவிச்சிட்டன்," என்று மகாதேவி குசினி யன்னலால் சொன்னார்.

மறுநாளும் புட்டு. அதற்கு மறுநாள் பாண். பத்மாவதி கேற்றில் பிடித்த கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் நின்றார். கூடையை மற்றக் கைக்கு மாற்றினார். தம்பிஐயா பத்திரிகையை முகத்துக்கு நேரே உயர்த்திப் பிடித்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு பத்மாவதி கேற்றைத் தட்டவில்லை. ஒழுங்கையில் மற்ற வீடுகளிலும் ஒவ்வொன்றாகப் புட்டு அவிக்கத் தொடங்கியிருந்தார்கள்.

அடுத்த வெள்ளி வந்தது. வியாழன் முழுக்கத் தம்பிஐயா சாப்பிடவில்லை. போகாமல் விட்டால் நேர்த்தி தவறும். கடவுள் இல்லை என்று சொல்லித் திரிந்தவர், நேர்த்தி தவறினால் என்ன நடக்கும் என்று மகாதேவியை விடக் கூடப் பயந்தார். அது புதிதாகப் பயப்படுகிறவனின் பயம், எங்கே நிற்பதென்று அதற்குத் தெரியாது. போவதென்றால் எதை உடுத்துப் போவது? வழமையான சாரமும் சேட்டுமாகப் போனால் தன் உருவம் தன் உருவமாகவே விழும். அலுமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். பிறகு கறுப்புச் சாரத்தை எடுத்தார். சால்வையையும் எடுத்தார்.

தெரிந்துகொண்டுதான் எடுத்தார். அதை அவர் பிறகு ஒருநாளும் தனக்கு மறைத்ததில்லை.

இரண்டாம் படம் முதலாவதை விடத் தெளிவாக விழுந்திருந்தது. றொசாந்தி இந்த முறை அவதானம் என்றுகூட எழுதவில்லை. படத்தை மட்டும் போட்டாள். யாரோ ஒருவர் வாயால் கதை பத்மாவதிக்கும் எட்டியது.

ஒரு கிழமை போயிருக்கும். தம்பிஐயா கேற்றடியில் சருகு கூட்டிக்கொண்டிருந்தார். ஒழுங்கையால் ஒரு பெண் கூடையோடு வந்தார். மங்கிய பச்சைச் சீலை, கரையில் சிவப்பு. பெட்டிக்குள் நெடுங்காலம் மடிந்து கிடந்த சீலை, மடிப்புக் கோடுகள் நிறம் போய் நின்றன. ஊருக்குப் புதிதாக யாரோ என்று நினைத்து நிமிர்ந்தார். பத்மாவதி. தம்பிஐயாவைக் கண்டதும் சீலைத் தலைப்பை இழுத்து மார்பில் பிடித்துக்கொண்டார், ஏதோ உடுக்காமல் வந்துவிட்டவர் போல. தலையைக் குனிந்துகொண்டு கடந்து போனார்.

முன்வீட்டுக் கேற்றிலிருந்து றொசாந்தி மகாதேவிக்குக் கேட்கச் சொன்னாள். "பாத்தீங்களோ மகாக்கா, நிறத்தை மாத்தினால் கமரா மறந்துபோமெண்டு நினைக்கிறா. இந்த வயதிலை கலியாண ஆசை வந்த மாதிரி."

பத்மாவதிக்கும் அது கேட்டிருக்கும். அவ்வளவு தூரம் போயிருக்கவில்லை. நடை ஒரு அடி பிசகி மறுபடி நேரானது.

தம்பிஐயா விளக்குமாற்றை அந்த இடத்திலேயே போட்டுவிட்டு ஒழுங்கையின் அடிக்கு நடந்தார்.

பத்மாவதி முற்றத்தில் கூடையை இறக்கி வைத்துக்கொண்டிருந்தார். இடியப்பம் முக்கால்வாசி அப்படியே இருந்தது.

"பத்மாவதி, ஒரு கதை கதைக்கோணும்."

"சொல்லுங்கோ, அண்ணை."

"கமராவிலை வாறது நான்."

பத்மாவதிக்கு விளங்கவில்லை. தம்பிஐயா எல்லாவற்றையும் சொன்னார். மகள், நேர்த்தி, தேங்காய், கறுப்புச் சாரம். சொல்லச் சொல்லப் பத்மாவதியின் முகத்தில் சிரிப்பு வந்தது.

"நீங்களோ? பிள்ளையாருக்கோ? கும்பிட்டும் போட்டியளோ?"

"இல்லை. கும்பிடேல்லை."

"அடிச்சுப்போட்டுச் சும்மா வாறனீங்களோ? அதுவும் ஒரு நேர்த்தியோ, அண்ணை?" சிரித்துக்கொண்டிருந்தவர் இடையில் நிறுத்தினார். கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார். "முதல் வெள்ளி உங்களுக்குத் தெரியாமல் நடந்தது. சரி. ரண்டாம் வெள்ளி?"

தம்பிஐயா நிலத்தைப் பார்த்தார்.

"ரண்டாம் வெள்ளி போகேக்கை, அதை நானெண்டுதான் சொல்லுவினம் எண்டு உங்களுக்குத் தெரியுமெல்லே?"

"தெரியும்."

கோழி ஒன்று கூடையைக் கொத்த வந்தது. பத்மாவதி அதைத் துரத்தவில்லை.

"பிழை விட்டிட்டன், தங்கச்சி. அதைச் சொல்லத்தான் வந்தனான்."

"என்னட்டைச் சொல்லி என்ன, அண்ணை? நான் எடுக்கேல்லை எண்டு எனக்கு முதலே தெரியும்." அவர் கோபமாகச் சொல்லவில்லை. இடியப்பம் மிஞ்சிவிட்டது என்று சொல்வது போலத்தான் சொன்னார். "தெரியாதவைக்குப் போய்ச் சொல்லுங்கோ. எங்கை என்னைப் பிடிச்சதோ அங்கை நிண்டு சொல்லுங்கோ."

தம்பிஐயா வீட்டுக்கு வந்தார். அலுமாரியைத் திறந்து கறுப்புச் சாரத்தைக் கட்டினார். சால்வையைத் தலையில் போட்டார். தூணடியிலிருந்து ஒரு தேங்காயைத் தூக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பட்டப்பகலில், கல் பதித்த பாதையின் நடுவில் கமராவுக்கு நேரே நின்றார். குசினிக்குள் மகாதேவியின் போன் கீச்சிட்டது.

"என்னப்பா, விசரோ? என்ன கோலம் உது?" மகாதேவி அகப்பையோடு வெளியே வந்தார்.

தம்பிஐயா அவர் பக்கம் திரும்பவில்லை. டிப்போவில் பஸ் வெளிக்கிடும்போது அறிவிக்கிற குரலில் கமராவைப் பார்த்துச் சொன்னார்.

"நான் டிப்போ தம்பிஐயா. ரண்டு வெள்ளியும் கமராவிலை விழுந்தது நான். இதுதான் அந்தச் சாரம். கறுப்பு. உந்தக் கமராவுக்கு இரவிலை வெள்ளையாத் தெரிஞ்சிருக்கு. என்ரை வளவுத் தேங்காயை எடுத்துப் பிள்ளையாருக்கு அடிச்சனான். என்ரை மகளுக்காக நேர்த்தி. பத்மாவதி இந்த வளவுக்குள்ளை வரேல்லை. முதல் வெள்ளி தெரியாமல் செய்தன். ரண்டாம் வெள்ளி, அவவைத்தான் சொல்லுவினமெண்டு தெரிஞ்சும் செய்தன். வெக்கத்திலை வாயை மூடிக்கொண்டிருந்தன்."

மகாதேவியின் கையிலிருந்த அகப்பையால் குழம்பு கல்லில் சொட்டிக்கொண்டிருந்தது. நேர்த்தி என்ற சொல்லுக்கு அவர் வாயைத் திறந்தார். கடைசி வசனம் முடியும்போது மூடிவிட்டார். தம்பிஐயா பயந்த பகிடி ஒன்றும் வரவில்லை.

"அந்த மனிசியின்ரை முகத்துக்கு நேரை யன்னலாலை புட்டெண்டு சொன்னன்," என்றார். "பக்கத்திலைதானே இருந்தனீங்கள். பேப்பரை வைச்சுக்கொண்டு."

நோர்வேயிலிருந்து அழைப்பு வந்தது. கீர்த்திகா அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. "அப்பா, எனக்காகவோ?" என்றாள். பிறகு, "முதலே சொல்லியிருக்கலாமே, அப்பா," என்றாள். தன் கையாலேயே அந்தத் துண்டை வெட்டிக் குழுவில் போட்டாள். குழு ஒரு பொழுது முழுக்கச் சிரித்தது. 'டிப்போ சாமியாருக்கு அரோகரா' என்றார்கள். சந்தியில் கண்டவர்கள் சுண்டல் எங்கே என்று கேட்டார்கள். அவர் அந்தச் சிரிப்புக்குத்தான் அவ்வளவு பயந்தவர். வந்து பார்த்தால் அதைத் தாங்குவது அப்படியொன்றும் பெரிய காரியமாக இருக்கவில்லை. அது அவரை இன்னும் வெட்கப்படுத்தியது. இவ்வளவு சின்னச் சிரிப்புக்காகவா?

பத்மாவதியைப் பற்றிக் குழுவில் ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை. றொசாந்தி பழைய படங்களை அழித்துவிட்டாள். மகாதேவி தானே பத்மாவதி வீட்டுக்குப் போனார். பத்மாவதி கதிரை போட்டு, தேத்தண்ணி கொடுத்து, மழையைப் பற்றியும் வெங்காயத்தைப் பற்றியும் கதைத்தார். வெளிக்கிடும்போது, "நாளைக்கு இடியப்பம் கொண்டு வாவன்," என்று மகாதேவி கேட்டார். "மா முடிஞ்சுபோச்சுது, அக்கா," என்றார் பத்மாவதி. மற்ற வீடுகளுக்கு மெல்ல மெல்லக் கொடுக்கத் தொடங்கினார். இவர்கள் வீட்டுக்கு மா பிறகும் முடிந்துதான் இருந்தது. வெள்ளைச் சீலைக்கும் அவர் திரும்பவில்லை.

நோர்வேயில் பெண்பிள்ளை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். கடைசித் தேங்காயைத் தம்பிஐயா பூசை நேரத்தில், எல்லாரும் பார்க்க, அடித்தார். பக்கத்தில் நின்ற மகாதேவி கண்ணை மூடிக் கும்பிட்டபடியே மெல்லக் கேட்டார், "டிப்போவிலை லீவு தந்தவையோ?"

அடுத்த நாள் தம்பிஐயா மறுபடி திருநெல்வேலிச் சந்திக்குப் போனார்.

"என்ன ஐயா, பழுதோ?"

"இல்லை. அந்தக் கலர்ச் சாதியிலை ஒண்டு தாரும். லைற் போடுறது. முகம் தெரியவேணும்."

"அப்ப தனிமனித உரிமை?" என்றான் சுபாஸ்.

தம்பிஐயா மேசையிலிருந்த கலர்க் கமராவை எடுத்தார். கேற்றுத் தூணில் ஆளுயரத்துக்குப் பூட்டச் சொன்னார்.

புதுக் கமரா எல்லாவற்றையும் உள்ளபடி காட்டியது. கல்லின் சிவப்பு, தென்னோலையின் பச்சை, பேப்பர் போடுகிறவரின் நீலச் சேட்டு. கம்பிக் கேற்றுக்கு அப்பால் ஒழுங்கையின் ஒரு துண்டும் அதில் விழுந்தது. மறுநாள் காலை தேத்தண்ணியோடு இருந்து போனைப் பார்த்தார். விடியப்புறம் கூடையோடு ஒருவர் வந்துகொண்டிருந்தார். வெளிச்சம் தொடங்குகிற இடத்தில் நின்றார். பிறகு ஒழுங்கையின் மற்றக் கரைக்குக் கடந்து, எதிர்ச் சுவரோடு ஒட்டி நடந்து, கேற்றைத் தாண்டிய பிறகு மறுபடி தன் கரைக்கு வந்தார். சீலை பச்சையாகவும் அதன் கரை சிவப்பாகவும் வடிவாகத் தெரிந்தன. முகத்தை மட்டும் மறுபக்கம் திருப்பியிருந்தார்.